ஃப்ளாக் மாறிவிட்டது, டேட்டா எங்கே? ரஸ்ட்டில் மெமரி ஆர்டரிங்

இரண்டு த்ரெட்டுகள். முதலாவது ஏதோ ஒரு கணக்கைப் போட்டு, விடையை 'விலை' என்ற இடத்தில் எழுதுகிறது. எழுதி முடித்ததும் 'தயார்' என்ற ஃப்ளாக்கை ட்ரூ ஆக்குகிறது. இரண்டாவது த்ரெட் அந்த ஃப்ளாக்கையே பார்த்தபடி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ட்ரூ ஆனதும் விலையை எடுத்து அச்சிடுகிறது.

முதல் த்ரெட்:
    விலை ← 42
    தயார் ← ட்ரூ

இரண்டாம் த்ரெட்:
    தயார் ட்ரூ ஆகும்வரை சுற்று
    விலையை அச்சிடு

தொடக்கத்தில் விலை 0, தயார் ஃபால்ஸ். திரையில் என்ன வரும்? 42 என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் 0 வரவும் வாய்ப்பு உண்டு. லட்சம் முறை ஒழுங்காக ஓடிவிட்டு, வேறொரு மெஷினில் ஏற்றிய அன்று பார்த்து 0 வரும். அந்த 0 எங்கிருந்து வருகிறது, அதை ரஸ்ட்டில் எப்படித் தடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. த்ரெட் என்றால் என்ன, ரஸ்ட்டில் ஓனர்ஷிப் என்றால் என்ன என்று தெரிந்தால் போதும், மேற்கொண்டு படிக்கலாம்.

வரிசையை மாற்றுவது யார்?

நாம் எழுதிய வரிசையிலேயே கோட் ஓடுகிறது என்று நம்பித்தான் எல்லாரும் கோட் எழுதுகிறோம். கம்பைலரும் ப்ராசஸரும் நமக்குத் தந்திருக்கும் வாக்குறுதி அதைவிடச் சிறியது. ஒரே த்ரெட்டுக்குள் நின்று பார்த்தால் விடை மாறாது, அவ்வளவுதான். பக்கத்து த்ரெட்டின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

முதல் ஆள் கம்பைலர். விலைக்கும் தயாருக்கும் சம்பந்தம் இருப்பதாக அதற்குத் தெரியாது. இரண்டும் வெவ்வேறு இடங்கள், ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணக்கிடவும் இல்லை. எதை முன்னால் எழுதினாலும் அந்த த்ரெட்டுக்கு ஒன்றுதான். அதனால் இடம் மாற்ற அதற்கு உரிமை உண்டு. இன்னொரு வேலையும் செய்யும். தயார் சாதாரண வேரியபிளாக இருந்தால், 'இந்த லூப்புக்குள் இதை யாரும் மாற்றவில்லையே' என்று பார்த்துவிட்டு, அதை ஒரே ஒரு முறை லூப்புக்கு வெளியே படித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் லூப் முடியவே முடியாது.

இரண்டாவது ஆள் ப்ராசஸர். ஒரு கோர் மெமரியில் எழுதும்போது, அந்த இடம் தன் கேஷுக்கு வந்து சேரும்வரை சும்மா நிற்பதில்லை. எழுத வேண்டியதை ஸ்டோர் பஃபர் என்ற சிறு வரிசையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஆர்ம் போன்ற ப்ராசஸர்களில், பஃபரில் முதலில் போட்டதுதான் முதலில் வெளியே போகும் என்ற கட்டாயம் இல்லை. தயார் இருக்கும் கேஷ் லைன் (கேஷுக்கு ஒரே மூச்சில் வந்துசேரும் மெமரித் துண்டு) கைவசம் இருந்து, விலை இருக்கும் லைன் இன்னும் வராவிட்டால், தயார் முந்திக்கொள்ளும். படிக்கும் பக்கத்திலும் இதே கதைதான். ஃப்ளாக்கின் மதிப்பு வந்து சேருமுன்பே விலையை முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்ள கோருக்கு அனுமதி உண்டு. ஆகவே எழுதும் பக்கம், படிக்கும் பக்கம் இரண்டையும் கட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கட்டினால் பயன் இல்லை.

ரஸ்ட் எதுவரை காப்பாற்றும்?

சாதாரண வேரியபிள்களை வைத்து மேலே உள்ள ப்ரோகிராமை எழுத ரஸ்ட் விடாது. ஒரு த்ரெட் எழுதிக்கொண்டிருக்க இன்னொன்று அதே இடத்தைப் படிக்கும்படி ரெஃபரன்ஸ் கொடுக்க முயன்றாலே பாரோ செக்கர் மறித்துவிடும். எந்த டைப்பை வேறு த்ரெட்டுக்கு அனுப்பலாம் என்பதை சென்ட் என்ற ட்ரெய்ட்டும், எதைப் பல த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் பார்க்கலாம் என்பதை சிங்க் என்ற ட்ரெய்ட்டும் சொல்கின்றன. ஆர்சி என்ற ரெஃபரன்ஸ் கவுன்ட்டருக்கு இரண்டும் இல்லை. அதைத் த்ரெட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தால் கம்பைல் ஆகாது. 'ஸ்டாட்டிக் மியூட்' வைத்துக் குறுக்கு வழியில் போகலாம் என்றால் அதற்கு அன்சேஃப் வேண்டும். 2024 எடிஷனில் அதற்கு ரெஃபரன்ஸ் எடுப்பதே இயல்பாக எர்ரர்.

இந்தக் கெடுபிடியெல்லாம் டேட்டா ரேஸ் என்ற ஒன்றைத் தடுப்பதற்காக. ஒரே இடத்தை இரண்டு த்ரெட்டுகள் தொடுகின்றன, அதில் ஒன்றாவது எழுதுகிறது, ஒன்றாவது அட்டாமிக் (பாதியில் உடையாத செயல்) அல்லாத அணுகல், இரண்டுக்கும் இடையே எது முன் எது பின் என்ற ஒழுங்கு இல்லை. இவை நான்கும் கூடினால் டேட்டா ரேஸ். கூடினால் அன்டிஃபைன்டு பிஹேவியர், அதன்பிறகு ப்ரோகிராம் என்ன செய்தாலும் கேட்க முடியாது. சேஃப் ரஸ்ட்டில் இது நடக்காது.

சரி, இரண்டையும் அட்டாமிக் ஆக்கிவிடுவோம். விலை ஒரு அட்டாமிக் எண், தயார் ஒரு அட்டாமிக் பூலியன். நான்கு இடத்திலும் ஆர்டரிங்காக ரிலாக்ஸ்டு என்று கொடுப்போம். கம்பைல் ஆகிறது. அன்சேஃப் ஒரு வரி கூட இல்லை. டேட்டா ரேஸும் இல்லை. ஆனாலும் 0 வரலாம்!

பலருக்கும் சறுக்கும் இடம் இதுதான். 'அட்டாமிக் ஆக்கியாயிற்று, இனி என்ன' என்று நினைத்துவிடுகிறோம். ஒரு இடத்தில் எழுதுவதும் படிப்பதும் பாதியில் உடையாது என்பதை மட்டுமே அட்டாமிக் உறுதி செய்கிறது. தயார் மாறியதைப் பார்த்த த்ரெட், அதற்கு முன் எழுதப்பட்ட *மற்ற* இடங்களையும் பார்த்தாக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஆர்டரிங் என்ற அளவுரு பதில் சொல்வது இந்தத் தனிக் கேள்விக்குத்தான். தயார்மேல் எழுதப்படும் ஆர்டரிங், உண்மையில் விலையைப் பற்றிப் பேசுகிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் கணக்குதான்.

ரிலீஸும் அக்வயரும்

ரஸ்ட்டில் ஆர்டரிங் ஐந்து: ரிலாக்ஸ்டு, அக்வயர், ரிலீஸ், அக்ரெல், சீக்சிஎஸ்டி. விதிகளை ரஸ்ட் தானாக உருவாக்கவில்லை. சி++20இன் அட்டாமிக் விதிகளையே எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே கன்ஸ்யூம் என்று ஆறாவது ஒன்று இருந்தது. கம்பைலர் எழுதுவோரைப் படாதபாடு படுத்திய சரக்கு அது. ரஸ்ட் அதை வாங்கவே இல்லை, நல்லதாகப் போயிற்று. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சி++இல் ஆர்டரிங் எதுவும் சொல்லாவிட்டால் மிகக் கடுமையானது தானாக வந்துவிடும். ரஸ்ட்டில் ஒவ்வொரு முறையும் நாமே எழுதியாக வேண்டும்.

நம் ப்ரோகிராமில் இரண்டே இடத்தை மாற்றினால் போதும். முதல் த்ரெட் தயாரை எழுதும்போது ரிலீஸ். இரண்டாம் த்ரெட் தயாரைப் படிக்கும்போது அக்வயர். விலை ரிலாக்ஸ்டாகவே இருக்கட்டும். இப்போது 42 தவிர வேறு எதுவும் வராது.

மெஸ் வாசலில் தொங்கும் 'சாப்பாடு ரெடி' போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் முடியாமல் போர்டை மாட்டக்கூடாது என்பது உள்ளே இருப்பவருக்கான விதி, அது ரிலீஸ். போர்டைப் பார்க்காமல் இலையில் உட்காரக்கூடாது என்பது வருபவருக்கான விதி, அது அக்வயர். இரண்டு பேரில் ஒருவர் விதியை மீறினாலும் வெறும் இலைதான்.

ரிலீஸ் என்று எழுதினால், அந்த வரிக்கு மேலே உள்ள எதுவும் அதற்குக் கீழே இறங்கக்கூடாது. அக்வயர் என்று படித்தால், அந்த வரிக்குக் கீழே உள்ள எதுவும் அதற்கு மேலே ஏறக்கூடாது. இரண்டுமே ஒருவழித் தடுப்புகள். ரிலீஸுக்குக் கீழே இருப்பது மேலே ஏறலாம், அக்வயருக்கு மேலே இருப்பது கீழே இறங்கலாம், அதற்குத் தடை இல்லை.

எழுதும்போது அக்வயர், படிக்கும்போது ரிலீஸ் என்று மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? பொருளே இல்லாத கோரிக்கை அது. பெரும்பாலும் கம்பைல் செய்யும்போதே லின்ட் (கம்பைலரின் பிழை எச்சரிக்கை) பிடித்துவிடும். அதையும் தாண்டிப் போனால் ஓடும்போது பேனிக் ஆகும்.

இந்த ஜோடி சேர இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. முதலாவது, இரண்டும் ஒரே அட்டாமிக் வேரியபிள்மேல் நடக்க வேண்டும். ஒரு ஃப்ளாக்கில் ரிலீஸ் செய்துவிட்டு வேறொரு ஃப்ளாக்கில் அக்வயர் செய்தால் அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டாவது, அக்வயர் படித்த மதிப்பு அந்த ரிலீஸ் எழுதிய மதிப்பாகவே இருக்க வேண்டும், அல்லது அதிலிருந்து ஃபெட்ச்-ஆட் (படித்து, கூட்டி, எழுதுவதை ஒரே செயலாகச் செய்வது) போன்ற செயல்களால் தொடர்ந்து வந்ததாக இருக்க வேண்டும். அக்வயர் செய்து ஃபால்ஸ் என்று பார்த்தால் நமக்கு எந்த உத்தரவாதமும் கிடைக்காது. அதனால்தான் லூப்பில் ட்ரூ வரும்வரை சுற்றுகிறோம், அல்லது இஃப் போட்டுப் பார்க்கிறோம். மதிப்பைப் பார்க்காமல் சும்மா ஒரு அக்வயர் லோடு போட்டுவிட்டு 'பத்திரமாக இருக்கிறது' என்று எழுதிய கோடும் உலகத்தில் நிறையவே இருக்கிறது.

நிபந்தனை நிறைவேறினால், ரிலீஸுக்கு முன் முதல் த்ரெட் செய்தது முழுவதும், அக்வயருக்குப் பின் இரண்டாம் த்ரெட் செய்வதற்கு 'முன் நடந்தது' ஆகிவிடும். ஹேப்பன்ஸ்-பிஃபோர் என்ற இந்த உறவை லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதினார். அன்று அவர் யோசித்தது நெட்வொர்க்கால் பிரிந்து கிடந்த கணினிகளை. இன்று ஒரே சிப்புக்குள் இருக்கும் கோர்களைப் பற்றிப் பேசவும் அதே கருவிதான் உதவுகிறது. இரு சம்பவங்களில் எது முதலில் நடந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத இடத்தில், எதிலிருந்து எதற்குச் செய்தி போனது என்பதை வைத்துத்தான் வரிசை சொல்ல முடியும்.

'ரிலீஸ் போட்டால் டேட்டா உடனே மெயின் மெமரிக்குப் போய்விடும்' என்று அடிக்கடி காதில் விழும். அப்படி இல்லை. கேஷ்களுக்கு இடையே ஒத்திசைவை ஹார்டுவேர் எப்போதும் தானே பார்த்துக்கொள்கிறது. ரிலீஸ் வேகத்தைப் பற்றியோ உடனடித்தன்மையைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. இது தெரிந்தால் அதுவும் தெரிந்தாக வேண்டும் என்ற வரிசையை மட்டுமே சொல்கிறது. அப்டேட் தாமதமாகத் தெரிகிறது என்று ஆர்டரிங்கைக் கடுமையாக்குவது பலிக்காத வைத்தியம்.

ரிலாக்ஸ்டு போதும் என்கிற இடம்

எத்தனை ரிக்வெஸ்ட் வந்தது என்று எண்ணும் கவுன்ட்டருக்கு ரிலாக்ஸ்டு தாராளமாகப் போதும். நான்கு த்ரெட்டுகள் ஆளுக்கு ஆயிரம் முறை ஃபெட்ச்-ஆட் செய்தால், எல்லாவற்றையும் ஜாயின் செய்த பிறகு சரியாக 4000 இருக்கும். ஒன்றுகூடக் குறையாது. ஒரே அட்டாமிக் வேரியபிளை மட்டும் எடுத்துக்கொண்டால், அதன் மதிப்புகள் மாறிய வரிசை எல்லா த்ரெட்டுகளுக்கும் ஒன்றுதான். ரிலாக்ஸ்டிலும் அது மாறாது. ஜாயின் செய்வதே ஒரு ஹேப்பன்ஸ்-பிஃபோர் உறவைக் கொடுத்துவிடுவதால் கடைசியில் படிப்பதும் சரியாக வரும்.

லோடு செய்து, ஒன்றைக் கூட்டி, ஸ்டோர் செய்வது மட்டும் கூடாது. நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்தால் எண்ணிக்கை தொலையும். இது ஆர்டரிங் பிரச்சினையே அல்ல, எந்த ஆர்டரிங்கும் இதைச் சரிசெய்யாது. படிப்பதும் எழுதுவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும், அதற்குத்தான் ஃபெட்ச்-ஆட், கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் எல்லாம். இவை படிக்கவும் செய்கின்றன, எழுதவும் செய்கின்றன என்பதால் இரண்டு பக்க உத்தரவாதமும் வேண்டும்போது அக்ரெல் கொடுக்கிறோம்.

சீக்சிஎஸ்டி: எதற்கும் இருக்கட்டும்?

ரிலீஸும் அக்வயரும் சேர்ந்தும் தடுக்க முடியாத ஒரு விசித்திரம் இருக்கிறது. இரண்டு த்ரெட்டுகள். ஒவ்வொன்றும் தன் ஃப்ளாக்கை ட்ரூ ஆக்கிவிட்டு, மற்றதன் ஃப்ளாக் ஃபால்ஸாக இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் உள்ளே போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போகக்கூடாது என்பதுதான் எண்ணம். ஆனால் இரண்டு ட்ரூவும் அவரவர் ஸ்டோர் பஃபரில் காத்திருக்க, இரண்டு த்ரெட்டும் எதிராளியின் பழைய ஃபால்ஸைப் படித்துவிட்டு ஒன்றாக உள்ளே நுழையலாம். இன்டெல், ஏஎம்டி ரக எக்ஸ்86 ப்ராசஸரிலும் இது நடக்கும். ரிலீஸ் தனக்கு மேலே இருப்பவற்றைத்தான் கட்டுகிறது. தனக்குக் கீழே வரும் ஒரு லோடு முந்திப் போவதை அது தடுப்பதில்லை.

இங்கே வேண்டியது சீக்சிஎஸ்டி. அப்படிக் குறிக்கப்பட்ட எல்லாச் செயல்களுக்கும் ஒரே ஒரு பொது வரிசை உண்டு, எல்லா த்ரெட்டும் அதை ஒத்துக்கொள்கிறது. இந்த யோசனையும் லாம்போர்ட்டுடையதுதான், 1979. நான்கு செயல்களுக்கும் சீக்சிஎஸ்டி கொடுத்தால், குறைந்தது ஒரு த்ரெட்டாவது மற்றதன் ட்ரூவைப் பார்த்தே தீரும்.

'அப்படியானால் எல்லா இடத்திலும் சீக்சிஎஸ்டி போட்டுவிட்டால் தலைவலி இல்லையே' என்று தோன்றும். தப்பான ப்ரோகிராம் ஆகாது, கொஞ்சம் மெதுவாகலாம், அவ்வளவுதான். என் குறை வேறு. அக்வயர், ரிலீஸ் என்று எழுதியிருந்தால், படிப்பவர் 'இதன் ஜோடி எங்கே, எந்த டேட்டாவைக் காக்கிறது' என்று தேடுவார். எல்லாம் சீக்சிஎஸ்டி என்றிருந்தால், எழுதியவருக்கு உண்மையாகவே பொது வரிசை தேவைப்பட்டதா, அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று போட்டாரா என்பதே தெரியாது. யோசித்து எழுதியது போலவே தோற்றமளிக்கும், யோசித்திருக்க மாட்டார்.

லேப்டாப்பில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை

எக்ஸ்86 இந்த விஷயத்தில் கண்டிப்பான ஆள். ஸ்டோர்கள் எழுதிய வரிசையிலேயே வெளியே போகும், லோடுகள் வரிசையிலேயே நடந்ததாகத் தெரியும். ஒரு ஸ்டோரை அதற்குப் பின் வரும் லோடு முந்துவது மட்டும்தான் அனுமதி, மேலே பார்த்த விசித்திரம் அதுவே. அதனால் எக்ஸ்86இல் ரிலீஸ் ஸ்டோரும் ரிலாக்ஸ்டு ஸ்டோரும் ஒரே சாதாரண மூவ் கட்டளைதான். ரிலீஸ் போட வேண்டிய இடத்தில் ரிலாக்ஸ்டு போட்டிருந்தாலும், கம்பைலர் வரிசையைக் கலைக்காதவரை பிழை வெளியே தெரியாது.

ஆர்ம் அப்படி இல்லை. அங்கே ரிலீஸுக்கும் அக்வயருக்கும் தனிக் கட்டளைகள் உண்டு, அவற்றைக் கேட்டு வாங்காவிட்டால் கிடைக்காது. முன்பெல்லாம் ஆர்ம் என்றால் ஃபோன் என்றிருந்தது. 2018இல் அமேசான் கிராவிட்டான் சர்வர்கள் வந்தன, 2020இல் ஆப்பிள் எம்1 மேக்குகள் வந்தன. இன்று எழுதும் மெஷின் ஒன்று, ஓடும் மெஷின் வேறு என்பது சர்வ சாதாரணம். ஆண்டுக்கணக்கில் தூங்கிய பிழை ஆர்மில் எழுந்தால், பழி ஆர்மின்மேல் விழும். பாவம், அது விதிப்படிதான் ஓடியிருக்கும்.

மியூடெக்ஸும் ஆர்க்கும் உள்ளே என்ன செய்கின்றன?

இவ்வளவு படித்தபின் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். தினசரி வேலைக்கு இதில் முக்கால்வாசி தேவைப்படாது. மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை, லாக் செய்வது ஒரு அக்வயர், விடுவது ஒரு ரிலீஸ். ஒருவர் லாக்கை விட்டு அடுத்தவர் எடுத்தால், முன்னவர் எழுதியது எல்லாம் பின்னவருக்குத் தெரியும். ரஸ்ட்டில் டேட்டா மியூடெக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது என்பதால் லாக் செய்ய மறந்து தொட வழியே இல்லை. லாக் செய்யும்போது கையில் கிடைக்கும் கார்டு ஸ்கோப்பை விட்டுப் போகும்போது தானாகவே அன்லாக் ஆகிறது. ஒருமுறை மட்டும் தயாரித்து எல்லாரும் படிக்கும் கான்ஃபிக் போன்றவற்றுக்கு 1.70இலிருந்து ஒன்ஸ்லாக்கும், 1.80இலிருந்து லேஸிலாக்கும் ஸ்டாண்டர்டு லைப்ரரியிலேயே இருக்கின்றன. நம் விலை-தயார் ஜோடிக்குக்கூட ஒன்ஸ்லாக் நேரடியாகப் பொருந்தும்.

ஆர்டரிங்கைக் கற்க ஒரே ஒரு உண்மைக் கோடைப் படிக்க வேண்டும் என்றால் ஆர்க்கைப் படியுங்கள். த்ரெட்டுகளுக்கு இடையே பகிரக்கூடிய, அட்டாமிக் எண்ணிக்கை வைத்த ஆர்சிதான் அது. ஆர்க்கை க்ளோன் செய்தால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை ஒன்று கூடும், அது ரிலாக்ஸ்டு. ஏன் அது போதும்? க்ளோன் செய்பவர் கையில் ஏற்கெனவே ஒரு ஆர்க் இருக்கிறது. டேட்டா உயிரோடு இருப்பது அவருக்கு உறுதி, வேறு யார் எழுதியதையும் புதிதாக அவர் பார்க்க வேண்டியதில்லை.

ட்ராப் செய்யும்போது கதை மாறுகிறது. எண்ணிக்கையை ஒன்று குறைப்பது ரிலீஸ். 'இந்த டேட்டாவோடு என் வேலை எல்லாம் இதற்கு முன் முடிந்தது' என்று ஒவ்வொருவரும் எழுதிவிட்டுப் போகிறார். யார் குறைக்கும்போது பழைய மதிப்பு 1 என்று வருகிறதோ அவர்தான் கடைசி ஆள், மெமரியை விடுவிக்கும் பொறுப்பு அவருடையது. விடுவிக்குமுன் அவர் ஒரு அக்வயர் ஃபென்ஸ் (எந்த வேரியபிளையும் தொடாமல் ஆர்டரிங்கை மட்டும் கேட்கும் தனி வரி) போடுகிறார். அது இல்லாவிட்டால், இன்னொரு த்ரெட் அந்த டேட்டாவைத் தொட்டுக்கொண்டிருந்தது, இவர் பார்வையில் விடுவித்த பிறகு நடந்ததாக ஆகிவிடக்கூடும். அதாவது விடுவித்த மெமரியைத் தொடுவது, நேராக அன்டிஃபைன்டு பிஹேவியர். குறைக்கும் செயலுக்கே அக்ரெல் கொடுத்திருந்தாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கடைசி ஆளைத் தவிர மற்றவர்களுக்கு அக்வயர் தேவையே இல்லை, அவர்கள் எதற்கு அந்தச் செலவைச் செய்ய வேண்டும்? அதனால்தான் ஃபென்ஸ் தனியாக, கடைசி ஆளுக்கு மட்டும். ஆர்மில் இந்த வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு. எக்ஸ்86இல் எண்ணிக்கையைக் குறைக்கும் கட்டளை எந்த ஆர்டரிங்கிலும் ஒரே செலவுதான்.

சோதிப்பது எப்படி?

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது ஆர்டரிங் பிழைக்குச் சோதனையே அல்ல. எக்ஸ்86இல் கோடி முறை ஓடினாலும் அது எக்ஸ்86ஐப் பற்றிய செய்தி மட்டுமே. ரஸ்ட்டில் இதற்கு மிரி, லூம் என்று இரண்டு கருவிகள் இருக்கின்றன. மிரி உங்கள் டெஸ்ட்டுகளை ஒரு இன்டர்ப்ரிட்டருக்குள் ஓட்டுகிறது. டேட்டா ரேஸைக் கண்டுபிடிக்கும், ஒரு லோடு பழைய மதிப்பைப் படிப்பதுபோல வேண்டுமென்றே நடித்தும் காட்டும். லாட்டரி போலத்தான் என்பதால் வெவ்வேறு சீடு (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்துப் பல முறை ஓட்ட வேண்டும். லூம், ரஸ்ட்டின் அசிங்க் லைப்ரரியான டோக்கியோ குழுவினருடையது. ஒரு சின்ன டெஸ்ட்டில் த்ரெட்டுகள் எந்தெந்த விதமாகப் பின்னிக்கொள்ளலாம் என்பதை முறைப்படி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். த்ரெட்டுகளைக் கூட்டினால் சேர்க்கைகள் தாறுமாறாகப் பெருகும், ஆகவே இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அது சீக்சிஎஸ்டியை அக்ரெல் அளவுக்குத்தான் மதிக்கிறது என்பதால், அதை நம்பிய கோடில் பொய்யான எச்சரிக்கையும் வரலாம்.

லூமுக்கு ஸ்டாண்டர்டு லைப்ரரியின் அட்டாமிக் டைப்புகளை எடுத்துவிட்டு அதன் டைப்புகளைப் போட வேண்டியிருக்கும், கோடை அதற்கேற்ப அமைக்க வேண்டும். மிரிக்கு அது தேவையில்லை, நைட்லி டூல்செயின் இருந்தால் போதும். மேலே சொன்ன விலை-தயார் ப்ரோகிராமை நான்கு ரிலாக்ஸ்டுகளோடு எழுதி, முதலில் மிரியில் ஓட்டுங்கள். பல சீடுகளை முயன்றால் அந்த 0 எக்ஸ்86 லேப்டாப்பிலேயே சிக்கும்.